கடைசலில் ஒரு குட்டி லாந்தர்: மரக்கட்டையிலிருந்து தொங்கும் விளக்கு வரை

மரத்தைச் சுழற்றி உருட்டி எடுக்கும் வேலைக்குத் தமிழில் 'கடைசல் பிடிப்பது' என்று பெயர். தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் ஒரே வினைச்சொல். கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்து ஓட்டிய பழைய கடைசலைப் பார்த்தவர்களுக்கு மத்து நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. ஆனால் எனக்குப் பிடித்தது இரண்டாவது சொல்தான்: பிடிப்பது. மரத்தை வெட்டுவதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். 'இந்தப் பக்கத்தை முடித்தபின் துண்டை எங்கே பிடிப்பேன்?' என்று முன்கூட்டியே யோசிக்கத்தான் எனக்கு ஒரு வருடம் ஆனது. கைக்கடக்கமான ஒரு லாந்தரில் அந்தக் கேள்வி ஆறேழு தடவையாவது வரும். அதனாலேயே கடைசல் பழக இதைவிட நல்ல பொருள் இல்லை என்பேன்.

நாம் செய்யப்போவது மூன்று உறுப்புகள் கொண்ட, தொங்கவிடக்கூடிய அலங்கார லாந்தர். மேலே கூரை, நடுவில் ஆறு சன்னல் வைத்த கூடு, கீழே அடித்தட்டு. கூட்டுக்குள் சின்ன எல்இடி விளக்கு வைக்கலாம், வைக்காமலும் விடலாம். பித்தளைக் கம்பியில் ஒரு கைப்பிடி. எல்லாம் சேர்ந்து முப்பது கிராமை ஒட்டித்தான் இருக்கும். மெல்லிய கிளையில் மாட்டினாலும் கிளை தொங்கிப்போகாது.

அளவுகள்

முதலில் காகிதத்தில் உண்மையான அளவிலேயே பக்கவாட்டுப் படம் ஒன்று வரைந்துகொள்ளுங்கள். நான் பல தடவை செய்து, பல தடவை உடைத்து, கடைசியில் வந்து நின்ற அளவுகள் இவை.

கூடு: வெளி விட்டம் 33 மி.மீ., உள் துளை 25 மி.மீ., உயரம் 42 மி.மீ. சுவர் 4 மி.மீ. தடிமன் வரும்.
கூரை: விளிம்பில் 44 மி.மீ. விட்டம், உயரம் 26 மி.மீ., உச்சியில் 12 மி.மீ. விட்டத்தில் ஒரு புகைபோக்கிக் குமிழ்.
அடித்தட்டு: 42 மி.மீ. விட்டம், 12 மி.மீ. உயரம். அதன் மேல் கூட்டுக்குள் நுழையும் கழுந்து (மெலிந்து நீண்ட உருளை முனை) 25 மி.மீ. விட்டம், 5 மி.மீ. உயரம்.

சன்னல் ஒவ்வொன்றும் 8 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். 33 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு ஏறத்தாழ 104 மி.மீ. ஆறு சன்னலுக்கு 48 போனால் மீதி 56. ஆக ஒவ்வொரு தூணும் வெளிப்பக்கம் 9 மி.மீ.க்குச் சற்று மேல். உள்பக்கத்தில் அதே தூண் 5 மி.மீ. அளவுக்குக் குறுகிவிடும், ஏனென்றால் உள் சுற்றளவு 78 மி.மீ. தான். சன்னலை 10 மி.மீ. ஆக்கினால் அழகாக இருக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. உள்ளே தூண் 3 மி.மீ. ஆகி, உப்புத்தாள் போடும்போதே இரண்டு ஒடிந்தன.

மரம்

நெருக்கமான இழையுள்ள, நன்றாக உலர்ந்த மரம் வேண்டும். ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. பச்சை மரத்தில் கடைந்த வட்டம் காய்ந்ததும் நீள்வட்டமாகிவிடும். வளர்வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது அதற்குக் குறுக்கான சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதுதான் காரணம். நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. அதனால் மூன்று உறுப்பையும் இழை மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டுங்கள். ஒட்டிய பிறகு எல்லாம் ஒரே மாதிரி அசையும், இணைப்பு விரியாது.

கூட்டுக்கு வெளிர் மரம் எடுப்பாக இருக்கும்: மேப்பிள், பீச், வெப்பாலை எதுவானாலும் சரி. கூரைக்கும் அடித்தட்டுக்கும் வால்நட், ரோஸ்வுட் போன்ற அடர்நிறம். தேக்கிலும் செய்யலாம். ஆனால் அதிலுள்ள சிலிக்கா உளியின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். எண்ணெய்ப்பசை இருப்பதால் ஒட்டும் முன் அசிட்டோனில் துடைக்கவும் வேண்டும். கூரையும் அடித்தட்டும் ஒரே கட்டையிலிருந்து வந்தால் நிறம் ஒத்துப்போகும்.

கட்டைகள்: கூரைக்கு 45×45×50, கூட்டுக்கு 38×38×65, அடித்தட்டுக்கு 45×45×35 மி.மீ. பிடிமானத்துக்கான நீளமும் இதிலேயே அடக்கம்.

கருவிகள், பாதுகாப்பு

சின்ன மேசை லேத் (கடைசல் இயந்திரம்) போதும். நான்கு தாடை சக் (மரத்தைக் கவ்விச் சுழற்றும் பிடி), ரஃபிங் கௌஜ் (மூலை சீவும் குழிந்த பெரிய உளி), 10 மி.மீ. ஸ்பிண்டில் கௌஜ் (வளைவுகளுக்கான குழிந்த உளி), ஸ்கியூ உளி (சாய்ந்த முனையுள்ளது), 3 மி.மீ. பார்ட்டிங் உளி (துண்டித்து எடுக்க), சதுரமுனை ஸ்கிரேப்பர் (சுரண்டும் உளி), டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் மறுகோடியில் நகரும் தாங்கியில்) மாட்ட டிரில் சக், 25 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட் (தட்டையான அடியுள்ள துளை போடுவது), காலிப்பர் (விட்டம் அளக்க). லேத்தில் இண்டெக்ஸிங், அதாவது சுழல்தண்டைச் சமப் பங்குகளில் பூட்டி நிறுத்தும் வசதி இருந்தால் சன்னல் போடுவது சுலபம். பெரும்பாலும் 24 துளைகள் இருக்கும். ஆறு சன்னலுக்கு நான்கு துளைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும்.

உங்கள் சக்கின் தாடைகள் 30 மி.மீ. தடிமனை இறுக்கிப் பிடிக்குமா என்று இப்போதே பாருங்கள். சில சக்கோடு வரும் தாடைகள் 40 மி.மீ.க்குக் கீழே சரியாகக் கவ்வாது. அப்படியானால் கூட்டுக் கட்டையின் அடியில் தடித்த கழிவு மரத்துண்டு ஒன்றை ஒட்டி, கழுந்தை அதில் கடையலாம். ஒட்டும் முகம் இரண்டும் தட்டையாக இருக்க வேண்டும், பசை ஓர் இரவு காய வேண்டும்.

முழு முகக்கவசம் இல்லாமல் லேத்தை ஓட்டாதீர்கள். வெறும் கண்ணாடி போதாது. கையுறை, தொளதொள சட்டைக்கை, மோதிரம், அவிழ்ந்த முடி எதுவும் கூடாது. சுழலும் மரம் கையுறையின் ஒரு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உப்புத்தாள் போடும்போது தூசு முகமூடி கட்டாயம். உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ரோஸ்வுட் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கிளப்பும். சக்கின் சாவியை எடுத்துவிட்டோமா, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தோமா, இந்த இரண்டும் சுவிட்சைத் தொடும் முன் தினமும் கேட்க வேண்டிய கேள்விகள்.

படி 1: கட்டைகளை உருட்டுதல்

கட்டையின் இரு முனையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு மையம் குறியுங்கள். இரண்டு சென்டர்களுக்கு (மையத்தைத் தாங்கும் கூர்முனைகளுக்கு) நடுவே மாட்டி, நிமிடத்துக்கு 800 முதல் 1000 சுற்று வேகத்தில் ரஃபிங் கௌஜால் மூலைகளைச் சீவுங்கள். சதுரம் வட்டமானதும் சத்தம் மாறும். டகடக ஓசை அடங்கி ஒரே சீரான 'ஸ்ஸ்' கேட்கும். அதன்பின் வேகத்தை 2000-க்கு ஏற்றலாம்.

எந்த உளியானாலும் ஒரே விதி: முதலில் உளியின் சரிவுமுகம் மரத்தில் படியட்டும், அப்புறம் கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் கூர் தானாக வெட்டத் தொடங்கும். வெட்டும் முனையை முதலில் வைத்தால் உளி கடித்துக்கொள்ளும்.

இப்போது ஒவ்வொரு கட்டையின் ஒரு முனையில் பிடிமானக் கழுந்து கடையுங்கள். நீளம் 6 முதல் 8 மி.மீ. தாடை உள்பக்கம் சரிந்திருந்தால் கழுந்தும் அதே சரிவில். மிக முக்கியமானது இது: கழுந்தின் அடிமுனை சக்கின் அடியில் முட்டக்கூடாது, கழுந்தைச் சுற்றியுள்ள தோள்தான் தாடைகளின் முகத்தில் உட்கார வேண்டும். என் முதல் கூரை பறந்துபோய்ச் சுவரில் மோதியதற்குக் காரணம், கழுந்து ஒரு மி.மீ. நீளமாக இருந்தது. இறுக்கமாகத்தான் தோன்றியது. ஆனால் தோளுக்கும் தாடைக்கும் நடுவே காகிதம் நுழையும் இடைவெளி. கூரையைக் கீழே தேடி எடுத்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

கூரைக் கட்டையில் கழுந்து எந்த முனையில் வர வேண்டும்? புகைபோக்கி வரும் முனையில். கூரையின் அடிப்பக்கம் டெயில்ஸ்டாக்கைப் பார்க்க வேண்டும், அங்கேதான் முதல் வேலை. அடித்தட்டிலும் இதே கதை: கழுந்து தரைப்பக்கம், கூட்டில் நுழையும் முகம் வெளியே.

படி 2: கூடு

மூன்றில் கூட்டைத்தான் முதலில் முடிக்க வேண்டும். மற்ற இரண்டும் இதன் அளவுக்குப் பொருந்த வேண்டியவை.

கட்டையைச் சக்கில் மாட்டி முகத்தைச் சமமாக்குங்கள். டெயில்ஸ்டாக்கில் 25 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டை வைத்து, 400 முதல் 500 சுற்று வேகத்தில் 46 மி.மீ. ஆழம் துளையுங்கள். எட்டு பத்து மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துச் சீவலைத் தட்டிவிட வேண்டும். அவசரப்பட்டால் சீவல் அடைத்து, பிட் சூடேறி, உள்சுவர் கருகும். வாசனை வந்தால் ஏற்கெனவே தாமதம்.

அப்புறம் டெயில்ஸ்டாக்கில் கூம்பு சென்டரைத் துளைக்குள் லேசாக அழுத்தித் தாங்கவைத்து, வெளிப்பக்கத்தை 33 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். மேலும் கீழும் ஒவ்வொரு மெல்லிய வளையக் கோடு ஸ்கியூவின் நுனியால் போடலாம். கூட்டின் உடம்பில் வளைவு வேண்டாம் என்பது என் கருத்து. பீப்பாய் போல் லேசாக உப்பினால் அழகுதான், ஆனால் நடுச்சுவரின் தடிமன் மாறுவதால் சன்னலின் ஓரங்கள் ஒழுங்காகத் தெரியாது.

இனி சன்னல். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். வெற்றுக் குழாயில் டிரில் இறங்கினால் உள்பக்கம் இழை பிய்ந்து சிலும்பும். அதற்கு ஒரு எளிய வழி: ஏதாவது மென்மரத்தில் 25 மி.மீ. உருளை ஒன்று கடைந்து, துளைக்குள் இறுக்கமாகச் சொருகுங்கள். இப்போது கூடு மறுபடி திடமான கட்டை. துளை வெளியேறும் இடத்தில் மரம் முட்டுக்கொடுத்து நிற்பதால் பிய்யாது. உருளை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், பிடித்து இழுக்க வேண்டுமே.

சன்னலின் மூன்று மையங்களுக்கு 8 மி.மீ. இடைவெளியில் மூன்று வளையக் கோடுகளைப் பென்சிலால் போடுங்கள். ஒரு சிறு மரக்கட்டையில் 8 மி.மீ. துளை போட்டு, அதை டூல் ரெஸ்ட் (உளியைச் சாய்த்துப் பிடிக்கும் தாங்கி) கம்பத்தில் கிளாம்ப் செய்தால் டிரில்லுக்கு வழிகாட்டி ஆகிவிடும். துளையின் மையம் சுழல்தண்டின் மையத்தோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். டெயில்ஸ்டாக் சென்டரின் நுனியை அதன் எதிரே கொண்டுவந்தால் உடனே தெரிந்துவிடும். உயரம் ஒரு மி.மீ. தப்பினாலும் சன்னல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது போல் இருக்கும்.

லேத்தின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். இண்டெக்ஸைப் பூட்டி முதல் கோட்டில் ஒரு துளை, நான்கு இலக்கம் நகர்த்தி அடுத்தது, இப்படி ஆறு. வழிகாட்டியை இரண்டாவது கோட்டுக்கு நகர்த்தி மறுபடி ஆறு, மூன்றாவதிலும் ஆறு. ஆக 18 துளைகள். ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மூன்று வட்டங்களின் நடுவே சின்னச் சின்ன முனைகள் நிற்கும். கூர்மையான கத்தியால் மேலிருந்து கீழாகச் சீவி, தட்டை அரத்தால் நேராக்குங்கள். மேல் கீழ் முனைகள் அரைவட்டமாகவே இருக்கட்டும். பழைய லாந்தர்களின் வளைவுச் சன்னல் சாயல் தானாக வந்துவிடும்.

வெளிப்பக்கத்துக்கு 150, 240, 400 எண் உப்புத்தாள், வேகம் 600-க்கு மேல் வேண்டாம். சன்னல் உள்ள துண்டில் உப்புத்தாளை விரலால் அழுத்தினால் ஒவ்வொரு ஓரமும் உருண்டுவிடும். ஒரு தட்டைக் கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். சுழலும்போது சன்னல் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும் தெரியும்.

உருளையை உருவிவிட்டு, 42 மி.மீ. நீளத்தில் பார்ட்டிங் உளியால் மெல்ல வெட்டுங்கள். டெயில்ஸ்டாக் பக்கமிருந்து ஒரு குச்சியைத் துளைக்குள், சுவரில் படாமல் நீட்டிப் பிடித்தால் வெட்டுப்பட்ட கூடு வளையல் போல் குச்சியில் விழும். தரையில் விழுந்தால் தூண் போச்சு.

படி 3: கூரை

கூரைக் கட்டையைச் சக்கில் மாட்டுங்கள். அடிமுகத்தைச் சமமாக்கி, கூடு உட்கார 4 மி.மீ. ஆழத்தில் பள்ளம் வெட்ட வேண்டும். விட்டம் 33 என்று சொன்னாலும் காலிப்பரை நம்பாதீர்கள், கூட்டையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 32-க்கு வெட்டி, ஸ்கிரேப்பரால் ஒரு மயிரிழை எடுப்பது, லேத்தை நிறுத்துவது, கூட்டை வைத்துப் பார்ப்பது. மறுபடி. கையால் அழுத்தினால் உள்ளே போய், குலுக்கினால் விழாமல் நின்றால் சரி.

பள்ளத்தின் நடுவில் 25 மி.மீ. பிட்டால் இன்னும் 5 மி.மீ. இறக்கினால் எடை குறையும், உள்ளே விளக்குக்கு இடமும் கிடைக்கும். அதற்கு மேல் ஆழம் வேண்டாம். ஃபோர்ஸ்ட்னர் பிட்டின் நடுமுள் இன்னும் இரண்டு மூன்று மி.மீ. உள்ளே போயிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். விளிம்பிலிருந்து 9 மி.மீ. உயரத்தில் வெளி விட்டம் 32-க்குக் கீழே போகக்கூடாது. இதைப் பென்சிலால் கட்டையிலேயே குறித்துவிடுவது நல்லது. கூரையின் உள்வளைவு அழகாக வருகிறதே என்ற மயக்கத்தில் இன்னும் ஒரு சீவல், இன்னும் ஒரு சீவல் என்று போய், திடீரென்று வெளிச்சம் தெரிந்த கூரை ஒன்று என் மேசையில் இன்னும் இருக்கிறது. பென்சில் வைக்கிறேன் அதில்.

வெளி வடிவத்துக்கு ஸ்பிண்டில் கௌஜ். விளிம்பில் 2 மி.மீ. தடிமன் விட்டு, அங்கிருந்து உள்வளைந்து ஏறி, புகைபோக்கியின் கழுத்தில் 9 மி.மீ. வரை மெலிந்து, மேலே 12 மி.மீ. குமிழாக விரியட்டும். இழை நீளவாக்கில் ஓடும் துண்டில் எப்போதும் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்துக்குத்தான் வெட்ட வேண்டும். ஏறுமுகமாக வெட்டினால் இழை நிமிர்ந்து பிய்யும். ஆனால் கழுத்தை இந்த நிலையில் 14 மி.மீ.க்குக் கீழே குறைக்காதீர்கள் (9-க்கு இறக்குவது பிறகு), கூரையின் முழு எடையையும் அதுதான் இப்போது தாங்குகிறது.

கைப்பிடிக் கம்பிக்கான இரண்டு துளைகளை இப்போதே, இண்டெக்ஸில் 12 இலக்க இடைவெளியில், விளிம்பின் அடிப்பட்டையில் 1.2 மி.மீ. பிட்டால் போட்டுவிடுங்கள். பள்ளத்துக்குள் எட்டாமல் 4 மி.மீ. ஆழம் போதும்.

இனி கேள்வி: உச்சியை எப்படி முடிப்பது? பிடிமானக் கழுந்து அந்தப் பக்கம்தானே இருக்கிறது. கூரையைக் கழுந்துக்கு முன்னால் வெட்டி எடுத்துவிட்டு, சக்கில் ஒரு கழிவு மரத்தை மாட்டி, அதன் முகத்தில் கூரையின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் 33 மி.மீ. முளையைக் கடையுங்கள். முளை கொஞ்சம் தளர்ந்துபோனால் ஒரு சுற்று மெல்லிய காகிதம் இடையில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். கூரையைக் கவிழ்த்து அதில் அழுத்தி, குமிழின் நுனியை டெயில்ஸ்டாக்கால் லேசாகத் தாங்கவைத்து, கழுத்தை 9-க்கு இறக்குங்கள். கடைசியில் டெயில்ஸ்டாக்கை விலக்கி, நுனியில் மிஞ்சிய மொட்டை மென்மையான இரண்டு மூன்று சீவலில் எடுத்துவிடலாம். இந்த இடத்தில் மட்டும் உளி புதிதாகத் தீட்டியதாக இருக்கட்டும். மழுங்கிய உளிக்கு அழுத்தம் வேண்டும். அழுத்தினால் கூரை முளையை விட்டுக் கழன்றுவிடும்.

படி 4: அடித்தட்டு

சுலபமான உறுப்பு. முகத்தில் 25 மி.மீ. கழுந்து, 5 மி.மீ. உயரம். துளை முதலில், கழுந்து பிறகு என்பது பழைய விதி. கழுந்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் மயிரிழை மெலியவைக்கலாம், துளையைச் சுருக்க முடியாது. அடித்தட்டை ஒட்டப்போவதில்லை என்பதால் பொருத்தம் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். கழுந்தை நுழைத்துச் சுற்றிப் பார்த்தால் உரசும் இடம் பளபளக்கும், அங்கே மட்டும் எடுங்கள்.

விளக்கு வைக்க நினைத்தால் கழுந்தின் நடுவில் 20.5 மி.மீ. விட்டத்தில் 4 மி.மீ. ஆழப் பள்ளம். சிஆர்2032 நாணயப் பேட்டரி 20 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. தடிமனும் கொண்டது, 3 வோல்ட் தரும். வெளிப்பக்கம் ஒரு மணி (உருண்டு எழும்பிய வளையம்), ஒரு குழிவு (உள்வாங்கிய வளையம்), போதும். பின் துண்டை வெட்டி எடுத்து, துளையுள்ள கழிவு மரத்தில் கழுந்தைச் சொருகிக் கவிழ்த்து, தரைப்பக்கத்தை நடுவில் சற்றே குழிவாக்குங்கள். தட்டையாக விட்டால் மேசையில் வைக்கும்போது ஆடும்.

படி 5: அலங்காரம்

லேத்தில் துண்டு இருக்கும்போதே செய்ய வேண்டியவை, கழற்றியபின் செய்ய வேண்டியவை என்று அலங்காரம் இரண்டு வகை. முதல் வகையை உப்புத்தாளுக்குப் பிறகு, வெட்டி எடுக்கும் முன் முடித்துவிடுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது கருங்கோடு. ஸ்கியூவின் நுனியால் கூரைச் சரிவில் மெல்லிய பள்ளம் ஒன்று கீறுங்கள். மெல்லிய இரும்புக் கம்பியின் இரு முனையிலும் மரக் கைப்பிடி கட்டி, 2000 சுற்று வேகத்தில் பள்ளத்தில் வைத்து அழுத்துங்கள். சில விநாடிகளில் புகை ஒரு நூலாக எழும், கம்பியை எடுத்தால் மையிட்டது போல் கோடு நிற்கும். கம்பியை ஒருபோதும் விரலில் சுற்றாதீர்கள். மரம் கம்பியைப் பற்றி இழுத்தால் விரல் தப்பாது. கைப்பிடி இருந்தால் விட்டுவிடலாம். பள்ளம் கீறாமல் வைத்தால் கம்பி வழுக்கி, கூரை முழுக்கக் கறுப்புக் கிறுக்கலாகும்.

நிறத்துக்கு அரக்குக் குச்சி. நிறம் கலந்த அரக்குக் குச்சியை 1000 முதல் 1500 வேகத்தில் சுழலும் மரத்தில் அழுத்தினால் உராய்வின் சூட்டிலேயே இளகிப் பரவும். முதலில் திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும், பயப்பட வேண்டாம். காய்ந்த ஓலைத் துண்டையோ ஒரு பிடி மரச்சீவலையோ வைத்து அழுத்தித் தேய்த்தால் திட்டுகள் உருகிச் சமமாகி, கண்ணாடி போல் மினுங்கும். அடித்தட்டின் மணியில் சிவப்பு, குழிவில் ஒன்றும் வேண்டாம். எல்லா மேட்டிலும் நிறம் பூசினால் பம்பரம் மாதிரி ஆகிவிடும். ஒட்டுமுகங்களில் அரக்கு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பசை பிடிக்காது.

கூரை மட்டும் கன்னங்கரேலென்று இரும்பு விளக்கு போல் வேண்டுமா? எண்ணெய் நீக்கிய இரும்புப் பஞ்சை வினிகரில் சில நாள் ஊறவிடுங்கள். மூடியை இறுக்கக்கூடாது, ஹைட்ரஜன் வாயு வெளியேற வேண்டும். வடிகட்டிய அந்த நீரை வால்நட் போன்ற டானின் (துவர்ப்புப் பொருள்) நிறைந்த மரத்தில் தடவினால் சில நிமிடங்களில் கறுக்கும். மேப்பிளில் டானின் குறைவு, அதனால் முதலில் கெட்டியான தேநீர் வடிநீரைத் தடவிக் காயவிட்டுச் செய்ய வேண்டும். மரப்பட்டறையில் வேதியியல் இவ்வளவு கண்முன்னே நடக்கும் இடம் வேறு இல்லை.

கூட்டுக்கு நான் நிறம் பூசுவதில்லை. சன்னலின் உள்பக்கம் டிரேசிங் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நுழைத்தால் போதும். பகலில் பனிபடிந்த கண்ணாடி போலவும், விளக்கெரியும்போது எல்இடியின் புள்ளி தெரியாமல் ஒரே சீரான ஒளியாகவும் இருக்கும்.

மெருகுக்கு வெளிர் நிற ஷெல்லாக் (அரக்கு மெருகு) இரண்டு பூச்சு, மேலே மெழுகு. சுழலும் துண்டில் துணியால் தேய்க்காதீர்கள், காகிதத் துவாலைதான் பாதுகாப்பு. மரம் பற்றிக்கொண்டால் காகிதம் கிழியும், துணி விரலோடு போகும். சூப்பர் குளூவை மெருகாகப் பூசுபவர்கள் பஞ்சைப் பயன்படுத்த வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் சட்டென்று சூடேறிக் கையைச் சுடும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் அந்தத் துடைதாளைக் கசக்கி எறியக்கூடாது, விரித்துக் காயவிட வேண்டும். குவிந்து கிடந்தால் தானே சூடாகித் தீப்பிடிக்கும்.

படி 6: சேர்த்தல்

கூட்டின் மேல் விளிம்பில் வெள்ளைப் பசை மெல்லிசாக, கூரைப் பள்ளத்தில் வைத்து அழுத்தம். இழைகளின் போக்கு ஒத்துப்போகும்படி திருப்பி வைத்து, கைப்பிடித் துளைகள் இரண்டும் எதிரெதிர்த் தூண்களுக்கு நேர் மேலே வருகின்றனவா என்று பாருங்கள். சன்னலுக்கு மேலே வந்தால் தப்பில்லை, ஆனால் கண்ணை உறுத்தும்.

விளக்குக்கு வெதுவெதுப்பான வெள்ளை எல்இடி ஒன்று. நீளமான கால் பேட்டரியின் பிளஸ் முகத்தில், குட்டைக் கால் மறுமுகத்தில் படும்படி வளைத்து, நாடாவால் ஒட்டிப் பள்ளத்தில் படுக்கவையுங்கள். பல்பின் தலையை நடுவுக்கு வளைத்துவிடுங்கள். முதல் லாந்தரில் அடித்தட்டையும் ஒட்டிவிட்டேன். பேட்டரி தீர்ந்ததும் லாந்தரை உடைக்க வேண்டியதாயிற்று. அதே சமயம் எளிதில் கழன்றுவரவும் கூடாது. நாணயப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும். அதனால் கூட்டின் அடிவிளிம்பு வழியாகக் கழுந்துக்குள் இறங்கும்படி, முன்துளை போட்டு, ஒரு குட்டிப் பித்தளைத் திருகு போட்டுவிடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் விளக்கே வேண்டாம், வெறும் கூடே அழகு.

கைப்பிடிக்கு 1 மி.மீ. பித்தளைக் கம்பி. கூரையைவிடச் சற்றுப் பெரிய உருளை எதிலாவது சுற்றி வளைத்து, முனைகளை 4 மி.மீ. உள்நோக்கி மடித்துத் துளைகளில் மாட்டுங்கள். கம்பியின் விறைப்பே பிடித்துக்கொள்ளும். நூலில் கட்டித் தொங்கவிட்டு, எதிர்ச் சுவரிலுள்ள ஏதாவது செங்குத்துக் கோட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் கம்பியின் உச்சியை அந்தத் தாழ்ந்த பக்கமாகவே ஒரு மி.மீ. கிள்ளி நகர்த்தினால் நேராகிவிடும்.

அடுத்த லாந்தரைத் தொடங்கும் முன் ஒன்று. கூரையைக் கவிழ்த்துப் பிடித்த அந்த முளைக்கட்டையைக் கழிவுக்கூடையில் போட்டுவிடாதீர்கள். சக்கின் முதலாம் தாடைக்கு நேரே ஒரு கோடும், பக்கத்தில் '33' என்ற எண்ணும் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே கோட்டைப் பார்த்து மாட்டினால், ஒரே ஒரு சீவலில் மறுபடி வட்டமாக ஓடும். அந்தச் சீவலுக்குத் தளர்ந்த இடத்தை ஒரு சுற்றுக் காகிதம் நிரப்பிவிடும்.